பாயிண்ட்டுக்கு வந்தா மட்டும் தடம் மாறுற மாடல் இன்ஜினா? வீல் கேஜ் சரி பண்ற முழு வழிகாட்டி

எச்ஓ, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு அளவுல, மாடல் ரயில் லேஅவுட் வச்சிருக்குற எல்லார்கிட்டயும் இந்த மாதிரி ஒரு இன்ஜின் கண்டிப்பா இருக்கும். நேர் ரோட்டுல ஒரு மணி நேரம் ஓட விட்டாலும் ஒண்ணும் ஆகாது, வளைவுலயும் சமத்தா போகும், ஆனா பாயிண்ட், அதாவது தடம் ரெண்டா பிரியுற இடம், கிட்ட வந்தா மட்டும் டக்குனு ஒரு குதி குதிச்சு ஓரமா சாஞ்சு நிக்கும். என்கிட்ட இருந்தது ஆறு சக்கர ஸ்டீம் இன்ஜின், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. நான் என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன், பாயிண்ட்ட பிடுங்கி மறுபடி பதிச்சேன், இன்ஜின் வயித்துல ஈயத்துண்டு வச்சு எடை கூட்டினேன், தண்டவாள ஜாயிண்ட்ட எல்லாம் அரத்தால தேச்சேன், மூணு மாசம் இப்படியே போச்சு, கடைசில ஒரு நாள் வெர்னியர் வச்சு அளந்தா நடு ஆக்சில்ல சக்கரம் ரெண்டும் இருக்க வேண்டியத விட 0.3 எம்எம் கிட்டக்க இருக்கு. மூணு மாசத்துக்கும் காரணம் அவ்ளோதான்.

அதனால முதல் வேலை அளக்குறது, கை வைக்கிறது எல்லாம் அதுக்கப்புறம்தான்.

எதை அளக்கணும்

புதுசா வர்றவங்க முக்கால்வாசி பேர் குழம்புற இடம் இது. எச்ஓ, இங்கிலாந்துல ஓடுற டபுள் ஓ ரெண்டுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 எம்எம், அதனால சக்கரத்துலயும் 16.5 வரணும்னு நினைச்சுட்டு எங்க அளக்குறதுன்னு தெரியாம சக்கரத்தோட வெளிப்பக்கத்துல வெர்னியர் வைப்பாங்க. நாம அளக்க வேண்டியது ரெண்டு சக்கரத்தோட முதுகுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, அதாவது உள்பக்க முகத்துல இருந்து எதிர் உள்பக்க முகம் வரைக்கும். பேக் டு பேக்னு சொல்றது இதைத்தான். இன்னொரு விஷயம், நிஜ ரயில்வேலயும் இதேதான் அளவு. நம்ம பிராட் கேஜ்ல தண்டவாள இடைவெளி 1676 எம்எம், ஆனா கேரேஜ் ஷெட்ல வீல் கேஜ்னு சொன்னா 1600 எம்எம், அதுவும் சக்கரத்தோட உள்முகத்துக்கு உள்முகம்தான். 1599க்கு கீழ போகக்கூடாது, 1602 தாண்டக்கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேல இருக்குற ஒரு அளவுல மொத்தமே மூணு எம்எம்தான் விட்டுக் கொடுக்குறாங்கன்னா, கட்டைவிரல் அகல சக்கர ஜோடில நமக்கு எவ்ளோ இடம் இருக்கும்னு நீங்களே பார்த்துக்கோங்க.

எச்ஓ, டபுள் ஓவுக்கு நான் வைக்கிறது 14.5 எம்எம். 14.4 இருந்தாலும் ஓடும். ஃபிளாஞ்ச், அதாவது உள்பக்கம் துருத்திக்கிட்டு இருக்குற விளிம்பு, என்எம்ஆர்ஏங்கிற அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தோட ஆர்பி 25 வடிவ சக்கரத்துல சுமார் 0.76 எம்எம் தடிமன் இருக்கும். 14.5ஓட ரெண்டு விளிம்பு சேர்த்தா 16.02, தண்டவாளம் 16.5, மிச்சம் அரை எம்எம் கிட்ட ஆட்டம். சக்கரம் வளைவுல திரும்புறதுக்கு இந்த ஆட்டம் வேணும். எச்ஓவ விட சின்னதான ‘என்’ (N) கேஜ்ல, அதாவது 9 எம்எம் தண்டவாளத்துல, 7.4ல இருந்து 7.5 வைக்கலாம். 32 எம்எம் ஓ கேஜ்ல ஃபைன் ஸ்கேல் சக்கரம்னா 29 பக்கம். இங்கிலாந்துல டபுள் ஓ அகலம் பத்தலைன்னு மனசு கேக்காம 18.2 எம்எம்ல ஈஎம் ஓட்டுறவங்க இருக்காங்க, அவங்களுக்கு பேக் டு பேக் 16.5. அதுவும் பத்தாம 18.83ல பி4 கட்டுறவங்க 17.75 வாக்குல வைப்பாங்க. 4 எம்எம்க்கு ஒரு அடிங்கிற அளவுல நிஜ ஸ்டாண்டர்ட் கேஜ் 18.83 தான் வரும், டபுள் ஓ மட்டும் எச்ஓவோட 16.5 தண்டவாளத்து மேல கொஞ்சம் பெரிய பாடிய உக்கார வச்ச கதை. நம்ம ஊர் டபிள்யூடிஎம் டீசல், டபிள்யூஏபி எலக்ட்ரிக் இன்ஜின் மாடல எச்ஓல ஓட்டுறவங்களும் அதே மாதிரிதான், 1676ஐ 87ஆல வகுத்தா 19.26 வரணும், ஆனா ஓடுறது 16.5 தண்டவாளத்துல. நேரா முன்னாடி நின்னு பார்த்தா கால ஒடுக்கி நிக்குற மாதிரி தெரியும், பழகிடும்.

மார்க்லின் கம்பெனியோட மூணு தண்டவாள சிஸ்டத்துல இருந்து வர்ற வண்டிகள்ல பேக் டு பேக் 14.0 பக்கம்தான் இருக்கும், அது அந்த சிஸ்டத்தோட பாயிண்ட்டுக்கு சரி. ஆனா அதை எடுத்துட்டு வந்து ரெண்டு தண்டவாள டிராக்ல விட்டா பாயிண்ட்ல தட்டும், அதோட அந்த சக்கரங்களுக்கு இன்சுலேஷனும் இருக்காது, வச்ச உடனே ஷார்ட். அங்க கேஜ் மாத்தி பிரயோஜனம் இல்ல, சக்கரத்தையே மாத்தணும்.

கிட்ட இருந்தா என்ன, தள்ளி இருந்தா என்ன

இது புரிஞ்சா இன்ஜின் எங்க குதிக்குதுன்னு பார்த்தே நோய சொல்லிடலாம். பாயிண்ட்டோட கிராசிங்ல, அதாவது ரெண்டு தண்டவாளம் வெட்டிக்கிற அந்த கூர்மூக்குல, ஒரு பக்கம் சக்கரம் பள்ளத்த தாண்டும்போது அதை நேரா வழி நடத்துறதுக்கு எதிர்ப்பக்க தண்டவாளத்துக்கு உள்ள ஒரு செக் ரயில் இருக்கும். அந்த செக் ரயில் எதிர்ப்பக்க சக்கரத்தோட முதுகைப் புடிச்சு இழுத்துக்கும். இப்ப பேக் டு பேக் ரொம்ப பெருசா இருந்தா, ஒரு சக்கரத்தோட முதுகு செக் ரயில்ல சாஞ்சு நிக்கும்போதே அடுத்த சக்கரத்தோட விளிம்பு கூர்மூக்குக்கு நேரா வந்துடும், மூக்குல முட்டி தப்பான பக்கம் போகும். ரொம்ப சின்னதா இருந்தா வேற மாதிரி, ஒரு முதுகு செக் ரயில்லயும் இன்னொரு முதுகு எதிர்ல கூர்மூக்குக்குப் பக்கத்துல இருக்குற விங் ரயில்லயும் ஒரே நேரத்துல இறுக்கிக்கும், ஆப்பு அடிச்ச மாதிரி, வேற வழியில்லாம சக்கரம் மேல ஏறும். நான் சொன்ன அந்த குதி இதுதான்.

சின்னதா இருந்தா இன்னொரு தொல்லையும் உண்டு, இது நிறைய பேருக்கு கரண்ட் பிரச்சனைன்னே தோணும். பாயிண்ட்ல ஒதுங்கி நிக்குற பிளேடுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல சக்கரம் போகும்போது சக்கரத்து முதுகு அந்த பிளேடை உரசிடும். கூர்மூக்குலயும் கரண்ட் பாயுற லைவ் ஃபிராக் பாயிண்ட்னா அந்த பிளேடுல எதிர் போலாரிட்டி இருக்கும், டிசிசிங்கிற டிஜிட்டல் கண்ட்ரோல்ல கரண்ட் கொடுக்குற பூஸ்டர் டப்புனு கட் ஆகும், அனலாக்ல இன்ஜின் ஒரு செகண்ட் நின்னு போகும். வயரிங்க நோண்டிக்கிட்டு இருக்காம முதல்ல சக்கரத்த அளங்க.

சாமான்

டிஜிட்டல் வெர்னியர் ஒண்ணு, சீப்பானதே போதும், மேல இருக்குற சின்ன தாடைதான் நமக்கு வேணும், உள்ளளவு எடுக்குறது அது. என்எம்ஆர்ஏ ஸ்டாண்டர்ட்ஸ் கேஜ்னு ஒரு தகடு வரும், ஒரே தகட்டுல சக்கரம், தண்டவாளம், செக் ரயில் இடைவெளி எல்லாம் பார்க்கலாம், கிடைச்சா வாங்கி வச்சுக்கோங்க, ஆனா அது சோதிக்கத்தான், சக்கரத்த அதுல வச்சு அழுத்துனா வளைஞ்சுடும். சக்கரத்த அழுத்தி உக்கார வைக்க ஒரு பித்தளை கட்டை வேணும். இதுக்கு வெளிநாட்டுல இருந்து வரவழைக்க வேண்டியதில்ல, பக்கத்து கடைசல் பட்டறைல ஒரு பித்தளை ராடு துண்ட கொடுத்து ரெண்டு முனையையும் சமமா சீவி நீளம் 14.5 வர்ற மாதிரி கடைஞ்சு தரச் சொல்லுங்க, ஆக்சில் மேல உக்கார்றதுக்கு நடுவுல நீளவாக்குல ஒரு காடி வெட்டச் சொல்லுங்க. பட்டறைக்காரர் சிரிப்பாரு, பரவால்ல. வாங்கும்போது அங்கயே வெர்னியர் வச்சு நாலு இடத்துல அளந்துட்டு வாங்குங்க.

சக்கரத்த வெளிய இழுக்க வீல் புல்லர். நார்த் வெஸ்ட் ஷார்ட் லைன் கம்பெனியோடது பேர் போனது, ஆனா யூ வடிவ அலுமினியத் துண்டுல எம்3 போல்ட்டுக்கு மரை போட்டு வீட்லயே செஞ்சுக்கலாம். எம்3 மரைல ஒரு சுத்துக்கு 0.5 எம்எம் நகரும், கால் சுத்துனா 0.125, அதனால எவ்ளோ நகர்த்துறோம்னு கணக்கா தெரியும், சுத்தியல் வச்சு தட்டுறவங்களுக்கு இந்த வசதி கிடையாது. சின்ன வைஸ், அதோட வாய்க்கு மரத்துண்டு அல்லது அலுமினியத் தகடு, மெல்லிசு மார்க்கர் பேனா, ஐசோபுரோபைல் ஆல்கஹால், நல்ல ஸ்க்ரூடிரைவர் செட், ஸ்க்ரூ போட ஒரு வெள்ளைத் தட்டு. இவ்ளோதான்.

கழட்டாம அளந்து பாருங்க

இன்ஜின ஒரு ஸ்பாஞ்ச் மேல தலைகீழா படுக்க வைங்க. ஒவ்வொரு ஆக்சிலுக்கும் சக்கரத்த கால் சுத்து கால் சுத்தா திருப்பி நாலு இடத்துல உள்ளளவு எடுத்து பேப்பர்ல எழுதுங்க. எழுதணும், ஞாபகம் வச்சுக்கலாம்னு நினைச்சா மூணாவது ஆக்சில் வரும்போது முதல்ல எடுத்தது மறந்து போயிருக்கும். நாலு அளவும் ஒண்ணா இருந்து மொத்தமா 14.2ன்னு வந்தா கேஜ்தான் தப்பு, சரி பண்ணலாம். ஒரு இடத்துல 14.3, எதிர்ல 14.6ன்னு வந்தா சக்கரம் கோணலா ஏறியிருக்கு இல்ல வளைஞ்சிருக்கு, ஓடும்போது முன்னாடி நின்னு பார்த்தா தள்ளாடுறது தெரியும். கோணலா ஏறுனது அழுத்தி உக்கார வச்சா நேராகும், வளைஞ்சது நேராகாது, அதுக்கு வேற சக்கரம்தான். 0.1க்குள்ள வித்தியாசம்னா கண்டுக்காதீங்க, வெர்னியர் புடிக்கிற கையே அவ்ளோ ஆடும்.

அளக்குறப்பவே சக்கரத்த ரெண்டு விரல்ல புடிச்சு லேசா இழுத்துப் பாருங்க. ஆக்சில் மொத்தமா பக்கவாட்டுல ஆடுறது வேற, சக்கரம் ஆக்சில் மேல வழுக்குறது வேற. வழுக்குச்சுன்னா கேஜ் சரி பண்ணி மட்டும் பிரயோஜனம் இல்ல, ஒட்டவும் வேணும், அதை பின்னாடி சொல்றேன்.

ஒரு விஷயத்த இங்கயே சொல்லிடுறேன். பழைய டிரையாங், லிமா கம்பெனி வண்டிகள்ல ஃபிளாஞ்ச் ரொம்ப ஆழமா இருக்கும், பீட்சா கட்டர்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆர்பி 25ல ஆழம் 0.64 எம்எம், இதுல அதை விட ரொம்ப அதிகம். அதைக் கொண்டுவந்து உயரம் கம்மியான கோட் 75 தண்டவாளத்துல விட்டா விளிம்பு கீழ ஸ்லீப்பர்ல இருக்குற பிடிப்புகள்ல தட்டிக்கிட்டே கடகடன்னு போகும். அது கேஜ் பிரச்சனை இல்ல, பேக் டு பேக் மாத்துனா தீராது. கோட் 100 தண்டவாளத்துல ஓட்டிக்கோங்க, உயரம் 2.54 எம்எம் இருக்குறதால தப்பிச்சுக்கும்.

டீசல், எலக்ட்ரிக் இன்ஜின்

இது சுலபம், அதனால முதல்ல இதுல கை பழகிட்டு ஸ்டீமுக்கு போங்க. போகிக்கு, அதாவது இன்ஜினுக்கு கீழ சக்கரங்கள தாங்குற சட்டத்துக்கு, கீழ இருக்குற மூடிய ஸ்க்ரூ கழட்டியோ இல்ல பிளாஸ்டிக் கிளிப்ப நெம்பியோ எடுங்க, சக்கர ஜோடி கையோட வந்துடும். வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ, சக்கரத்துல இருந்து கரண்ட் எடுக்குற பிக்கப் தகடு எந்தப் பக்கம் எப்படி உக்காந்திருக்குன்னு தெரியுற மாதிரி.

பெரும்பாலான மாடல்கள்ல நடுவுல ஒரு பிளாஸ்டிக் கியர், ரெண்டு பக்கமும் சக்கரத்தோட சேர்ந்த அரை ஆக்சில் அதுக்குள்ள சொருகியிருக்கும். ரெண்டு சக்கரத்தையும் ரெண்டு கையால புடிச்சு திருகிக்கிட்டே லேசா இழுத்தா அகலமாகும், திருகிக்கிட்டே அமுக்குனா குறையும். திருகாம நேரா இழுத்தா வராது, வந்தா ஒரேடியா அஞ்சு எம்எம் வந்துடும். 14.2ல இருந்து 14.5 ஆக்கணும்னா பக்கத்துக்கு 0.15 எம்எம்தான், ஏ4 பேப்பர் ஒண்ணரை தாள் தடிமன் அவ்ளோதான் நகரணும். என் வழி என்னன்னா கொஞ்சம் அதிகமாவே, 14.7, 14.8 வரைக்கும் இழுத்துட்டு, நடுவுல பித்தளை கட்டைய வச்சு ரெண்டு பக்கமும் கட்டைல ஒட்டுற வரைக்கும் அமுக்குவேன். அப்ப அளவும் சரியா வரும், சக்கரமும் கட்டையோட முகத்துல படிஞ்சு நேரா நிக்கும்.

கியர் நடுவுல இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. ஒரு பக்க சக்கரத்த மட்டும் நகர்த்திட்டு கேஜ் வந்துடுச்சுன்னு மாட்டுனா அந்த ஜோடி மட்டும் ஒரு ஓரமா ஓடும், போகி கோணலா போகும், கியரும் பக்கத்து கியரோட முழு அகலத்துக்கும் சேராது. கியரோட ஓரத்துல இருந்து சக்கர முதுகு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து சமமா வைங்க.

அகலம் குறைக்கும்போது ஒரு ஆபத்து இருக்கு. அந்த ரெண்டு அரை ஆக்சிலும் கியருக்குள்ள ஒண்ணையொண்ணு தொடாம நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு நிக்கும், இன்சுலேஷனே அந்த இடைவெளிதான். ரொம்ப அமுக்குனா உள்ள முனையும் முனையும் முட்டி ஷார்ட் ஆயிடும், வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, மண்டைய பிச்சுக்கணும். பிரிட்டிஷ் மாடல்கள்ல ஸ்பிளிட் சேசிஸ்னு ஒண்ணு வந்தது, அதுலயும் ஆக்சில் நடுவுல வெட்டி ஒரு பிளாஸ்டிக் குழாய்ல சொருகியிருப்பாங்க, அதுலயும் இதே கதை. மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர பீப் மோடுல வச்சு ரெண்டு சக்கரத்தையும் தொட்டுப் பாருங்க, சத்தம் வரக்கூடாது.

திருகும்போது சக்கரம் வெண்ணெய்ல சுத்துற மாதிரி சுத்துனா கியர்ல விரிசல் விட்டிருக்கு. ஓடும்போது சுத்துக்கு ஒரு தடவை டக் டக்குனு சத்தம் வந்திருக்கும், லென்ஸ் வச்சுப் பார்த்தா பல்லுக்கு நடுவுல முடி மாதிரி ஒரு கோடு தெரியும். இந்த விரிசல் விட்ட கியர்ல கேஜ் எத்தனை தடவை சரி பண்ணாலும் ரெண்டே நாள்ல பழையபடி ஆயிடும். பசை போட்டு ஒட்டுறது எல்லாம் வேலைக்கு ஆகாது, நான் மூணு வகை பசை போட்டுப் பார்த்துட்டேன், புது கியர் வாங்கிடுங்க.

ஸ்டீம் இன்ஜின், இங்க நிதானம்

ஸ்டீம் இன்ஜின்ல சக்கரத்த திருகக்கூடாது. டீசல்ல பழகுன கை தானா திருகப் போகும், அதைக் கட்டுப்படுத்தணும். ஒரு பக்க சக்கரத்துல கிராங்க்பின், அதாவது ராடு மாட்டுற முளை, உச்சில இருக்கும்போது அடுத்த பக்கத்துல அது 90 டிகிரி தள்ளி இருக்கும், குவார்ட்டரிங்னு சொல்வாங்க, சக்கரங்கள இணைக்குற கப்ளிங் ராடு ஒரு பக்கம் செத்த புள்ளில நிக்கும்போது மறுபக்கம் தள்ளிக் கொடுக்குறதுக்காக. நான் செஞ்ச முட்டாள்தனம் என்னன்னா, ஆரம்பத்துல சொன்ன அதே இன்ஜின்ல அந்த 0.3 எம்எம்ம சரி பண்றேன்னு டீசல் மாதிரியே திருகி இழுத்தேன், கேஜ் அழகா 14.5 வந்துச்சு, மாட்டி ஓட்டுனா இன்ஜின் கால் ஊனமான மாதிரி நொண்டி நொண்டி நடக்குது, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை ராடு இறுகி நிக்குது. அதை மறுபடி சரி பண்ண ஒரு வாரம் ஆச்சு.

வேலைய ஆரம்பிக்கும் முன்ன ராடு, கிராஸ்ஹெட் (பிஸ்டன் கம்பியும் ராடும் சேர்ற இடம்), எந்த வாஷர் எந்தப் பின்ல இருந்ததுன்னு எல்லாத்தையும் போட்டோ எடுங்க. சிலதுல கிராங்க்பின் ஸ்க்ரூவா இருக்கும், சிலதுல அறுகோண தலை வச்ச போல்ட், அதுக்கு சின்ன பாக்ஸ் ஸ்பானர் வேணும், கட்டிங் பிளேயரால திருகாதீங்க, தலை மழுங்கிடும். கீழ இருக்குற கீப்பர் பிளேட்ட கழட்டுனா ஆக்சில் எல்லாம் வெளிய வரும். முன், நடு, பின், இடது, வலதுன்னு சக்கர முதுகுல மார்க்கர்ல எழுதிடுங்க. எல்லா ஆக்சிலும் கியர்ல இணைஞ்ச மாடல்னா எந்தப் பல்லு எந்தப் பல்லோட இருந்துச்சுன்னும் புள்ளி வைங்க, ஒரு பல்லு மாறி உக்காந்தாலும் ராடு இறுகும்.

சக்கரத்தோட நடுவுல ஆக்சில் முனை வெளிய தெரியும்னா அந்த முனையையும் சக்கரத்து குடத்தையும், அதாவது முனையைச் சுத்தி இருக்குற நடுப்பகுதியையும், சேர்த்து மெல்லிசா ஒரே கோடு போடுங்க, ரெண்டு பக்கமும். வேலை முடிஞ்சதும் அந்தக் கோடு உடையாம நேரா இருந்துச்சுன்னா சக்கரம் ஒரு துளி கூட திரும்பலன்னு அர்த்தம். இதுக்கு காசும் கிடையாது, கோணம் மாறாம புடிச்சுக்குற ஜிக்கும் வேண்டாம், ஆனா இதை யாரும் எனக்கு முன்னாடியே சொல்லல.

அகலமாக்கணும்னா புல்லரோட கால்கள சக்கர முதுகுல குடத்துக்கு எவ்ளோ கிட்ட முடியுமோ அவ்ளோ கிட்ட வைங்க, விளிம்பு ஓரத்துல வச்சா சக்கரம் குடை மாதிரி வளையும், ஸ்போக் சக்கரம்னா ஸ்போக்கே முறிஞ்சுடும். போல்ட்ட கால் சுத்து திருப்புங்க, அளங்க, மறுபடி கால் சுத்து. ரெண்டு ஸ்க்ரூடிரைவர ரெண்டு பக்கம் குடுத்து நெம்புறவங்கள பார்த்திருக்கேன், சக்கரம் வரும், கோணலா வரும். இங்கயும் டீசல்ல சொன்ன மாதிரி கொஞ்சம் அதிகமா வெளிய எடுத்துட்டு கட்டைய வச்சு அமுக்குங்க. அமுக்குறதுக்கு வைஸ், அதோட வாய்ல ரெண்டு மரத்துண்டு, கிராங்க்பின் இருக்குற இடத்துல மரத்துல ஒரு ஓட்டை போட்டுக்கோங்க, இல்லன்னா பின் வளைஞ்சு போகும். அழுத்தம் குடத்து மேல விழணும், டயர் மேல விழக்கூடாது. வைஸ் கைப்பிடிய சுத்தும்போது சக்கரத்த விரலால தொட்டுக்கிட்டே இருங்க, கட்டைல படிஞ்சதும் கையில தெரியும், அதோட நிறுத்துங்க.

சரி, ஏற்கனவே கோணம் கெட்டுப் போச்சு, இல்ல கோடு போட மறந்தாச்சு, அப்ப என்ன பண்றது? எல்லா ஆக்சிலும் கரெக்டா 90 டிகிரி இருக்கணும்னு அவசியமே இல்ல. 88 இருந்தாலும் 92 இருந்தாலும் எல்லா ஆக்சிலும் அதே கோணத்துல இருந்தா இன்ஜின் ஓடும், ஒண்ணு மட்டும் மாறுனாத்தான் நொண்டும். அதனால கெடாத ஒரு ஆக்சில அளவுகோலா வச்சுக்கிட்டு மத்தத அதுக்கு சமமாக்குங்க. ராடு மாட்டி கையால மெதுவா தள்ளுங்க, எங்க இறுகுதோ அங்க நிறுத்தி எந்தப் பின் ராடு ஓட்டைல ஓரமா நெருக்குதுன்னு பாருங்க, ஒரு சமயத்துல ஒரு மயிரிழை மட்டும் திருப்பி மறுபடி தள்ளிப் பாருங்க. பொறுமைக்கான வேலை. பின்னாடி முடிஞ்சா நார்த் வெஸ்ட் ஷார்ட் லைனோட குவார்ட்டரர் மாதிரி ஒரு ஜிக் வாங்கிக்கோங்க, பத்து இன்ஜின் இருந்தா காசு வீண் போகாது.

இன்னொன்னு, ஆக்சிலோட பக்கவாட்டு ஆட்டம். அகலம் குறைச்சீங்கன்னா சக்கர முதுகு சேசிஸ்க்கு கிட்ட வந்துடும். ஹார்ன்பி கம்பெனி தண்டவாளத்துல முதல் ரேடியஸ் வளைவு 371 எம்எம், ரெண்டாவது 438, இந்த மாதிரி இறுக்கமான வளைவுல ஆறு சக்கர இன்ஜின் போகணும்னா நடு ஆக்சில் கொஞ்சமாச்சும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரணும். நகரலன்னா பாயிண்ட்ல சரியாகி வளைவுல தடம் மாறும். சேசிஸ் உலோகமா இருந்து இன்சுலேட் ஆகாத பக்க சக்கரம் உரசினா ஷார்ட்டும் ஆகும். அகலம் கூட்டுனா முன் கிராங்க்பின் கிராஸ்ஹெட்டுக்குப் பின்னாடி முட்டுதான்னு பாருங்க, அங்க இடம் எப்பவுமே கம்மி.

வழுக்குற சக்கரம்

ஆக்சில் மேல சக்கரம் லூசா இருந்தா உலோகத்துக்கு உலோகம்னா லாக்டைட் 603 அல்லது 638 போடலாம். 243ன்னு நீலக் கலர்ல கிடைக்கும், அது ஸ்க்ரூ மரைக்கு போடுறது, இதுக்கு இல்ல. ரெண்டு முகத்தையும் ஆல்கஹால் வச்சு எண்ணெய் போக துடைங்க, குச்சி முனைல ஒரு துளி எடுத்து ஆக்சில்ல தடவி, கட்டைய நடுவுல வச்சு, கோணம் பார்த்து உக்கார வைங்க. கொஞ்ச நேரத்துலயே புடிக்க ஆரம்பிச்சுடும், அதனால முதல்லயே ஒரு தடவை பசை இல்லாம ஒத்திகை பார்த்துக்கோங்க. ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. சக்கரத்தோட நடுப்பகுதி பிளாஸ்டிக்னா இதைப் போடாதீங்க, இந்த வகை பசை சில பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும். பேரிங் பக்கம் ஒரு சொட்டு ஓடுனாலும் ஆக்சில் சுத்தாது, அதுக்கப்புறம் சூடு காட்டித்தான் கழட்டணும், பக்கத்துல பிளாஸ்டிக் இருந்தா அதுக்கும் வழியில்ல.

மாட்டி ஓட்டிப் பார்க்குறது

மூடுறதுக்கு முன்னாடி பிக்கப் தகடு. சக்கர முதுகுல லேசா உரசி கரண்ட் எடுக்குற அந்த மெல்லிசு பாஸ்பர் பிரான்ஸ் தகடு பழைய இடத்துக்கு வளைச்சது, இப்ப சக்கரம் வெளிய போயிருக்கு, தொடாம நிக்கும். கேஜ் சரி பண்ணதும் இன்ஜின் விட்டு விட்டு ஓடுதுன்னு புலம்புறவங்க முக்கால்வாசி இதைத்தான் மறந்திருப்பாங்க. ட்வீசரால நுனிய லேசா வளைச்சு, சக்கரம் ரெண்டு ஓரத்துக்கும் ஆடும்போதும் தொடுற மாதிரி வைங்க. ரொம்ப அழுத்துனா பிரேக் போட்ட மாதிரி ஆயிடும்.

இப்ப கரண்ட ஆஃப் பண்ணிட்டு, ஸ்டீம் இன்ஜின்னா மோட்டார இன்னும் மாட்டாம, பாயிண்ட் வழியா கையால தள்ளுங்க. நேர் வழி, வளைவு வழி, முன்னாடி, பின்னாடி, நாலு விதமாவும். கிராசிங்ல விரல்ல ஒரு தட்டு தெரிஞ்சா எந்த ஆக்சில் தட்டுதுன்னு அங்கயே தெரிஞ்சுடும். அப்புறம் மோட்டார் மாட்டி ஊர்ற வேகத்துல ஓட்டுங்க, வேகமா போனா தாண்டி குதிச்சு ஏமாத்திடும். கடைசியா நாலஞ்சு கோச் மாட்டி ரிவர்ஸ்ல தள்ளச் சொல்லுங்க, கேஜ்ல மிச்சம் மீதி தப்பு இருந்தா ரிவர்ஸ்ல கண்டிப்பா காட்டிக் கொடுத்துடும்.

எல்லா ஆக்சிலும் 14.5, தள்ளாட்டம் இல்ல, அப்பயும் ஒரே ஒரு பாயிண்ட்ல மட்டும் மூக்குல முட்டுதுன்னா இன்ஜின விட்டுடுங்க, அந்த பாயிண்ட்டோட செக் ரயில் தேஞ்சிருக்கும் இல்ல இடைவெளி அகலமா இருக்கும். செக் ரயிலோட உரசுற முகத்துல 0.25 எம்எம் பிளாஸ்டிக் ஷீட்ல இருந்து ஒரு கீத்து வெட்டி ஒட்டுங்க, ரெண்டு முனையையும் அரத்தால சரிவாக்கிடுங்க, சக்கரம் முட்டாம உள்ள நுழையணும். ஒட்டுனது காய்ஞ்சதும் லேஅவுட்ல இருக்குற வேற ஒரு இன்ஜினையும் அதுல விட்டுப் பாருங்க, ஏன்னா அதோட பேக் டு பேக் 14.2 இருந்தா இப்ப அது குதிக்கும், மறுபடி மேல இருந்து ஆரம்பிக்கணும்.